எண்பது பங்கு

ஐஸ் பெட்டியின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு ராஜதுரை பின்பக்கமாகப் படியேறிக்கொண்டிருந்தான். பெட்டி வாசல் நிலையில் இடித்தது. ஒருக்களித்தால் நுழைந்துவிடும் என்றார் ஒருவர். ஒருக்களித்தால் கண்ணாடி மூடி கழன்றுவிடும் என்றான் பெட்டிக்காரன். வீடு கட்டுகிற யாரும் ஐஸ் பெட்டியை மனதில் வைத்து நிலை வைப்பதில்லை. பாரம் முழுவதும் அவன் மணிக்கட்டில் இறங்கி நிற்கிற நேரம் பார்த்து, தலைமாட்டைப் பிடித்திருந்த எதிர்வீட்டுக்காரர் பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"எண்பது சதவீதம்னு சொன்னாவளே வே, பெறகு எப்பிடி?"

"மொதல்ல தூக்கும் அண்ணாச்சி."

"இல்ல, அவரே எங்கிட்ட சொன்னாரு. எண்பது பங்கு நம்ம பக்கம்னு..."

"தூக்கும்னு சொல்லுதேன்லா!"

காலையிலிருந்து இது பதினோராவது தடவை. அத்தான் இறந்து இன்னும் நான்கு மணி நேரம் ஆகவில்லை. பால்காரர் கேட்டார். பந்தல் போட வந்தவர் கால் நடும்போது கேட்டார். சங்கு ஊதுகிறவர் சங்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். துட்டி வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆதியோடந்தமாகச் சொல்லியாக வேண்டும். எப்போது மூச்சு இழுத்தது, யார் பக்கத்தில் இருந்தது, கடைசியாக என்ன குடித்தார், எல்லாம். அதைக்கூடச் சொல்லிவிடலாம். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். எண்பது இருந்ததே, எப்படி?

ஒருவழியாகப் பெட்டியை உள்ளே கொண்டுபோனால் அதன் வயருக்கு ஏற்ற ப்ளக் கூடத்தில் இல்லை. அடுப்படி கிரைண்டர் ப்ளக்கிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் வைத்து இழுத்தார்கள். கட்டிலிலிருந்து அத்தானைத் தூக்கிப் பெட்டியில் கிடத்தியபோது ராஜதுரைக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வயர் எத்தனை பேர் காலைத் தட்டிவிடப் போகிறதோ என்றுதான் நினைத்தான்.

அத்தான் ஆறுமுகச்சாமி பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, முப்பத்தொரு வருடம். கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட் எதுவானாலும் அவர் எழுதியது ஒருமுறைகூட ஆபீஸிலிருந்து திருத்தச் சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்கு அப்படியொரு கர்வம். கைப்பத்திரம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு, அக்காவைக் கட்டிக்கொடுத்த உறவில் ராஜதுரை பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை போட்டு, அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தான். "கீழ்மேல் ஜாதியடி முப்பது" என்று அவர் மனையின் அளவைச் சொன்னால் முப்பது. தப்போ என்று தோன்றினாலும் வாயைத் திறக்க முடியாது. "நீ அடி. நான் வாசிக்கேன்" என்பார். இருபது வருடத்தில் ஒருமுறை அவன் திருத்தப் பார்த்து, அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்து, ஒரு மாதம் அதையே சொல்லிக் காட்டினார்.

தை மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று சொன்னார்கள். நாலாம் கட்டம். கட்டியிலிருந்து சதை எடுத்து இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன் அறிக்கை வந்த அன்று அத்தான் ரத்தம் கொடுக்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஷாஹின் பானு ராஜதுரையை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கட்டியோட செல்லு மேல பிடி-எல் ஒன்னுன்னு ஒரு புரதம் இருக்கும்" என்றார் டாக்டர். "நம்ம உடம்புல காவல் காக்கற செல்லுங்க பக்கத்துல வரும்போது, நான் உங்க ஆளுதான், என்னை விட்டுருன்னு அது மூலமா சொல்லித் திருப்பி அனுப்பிரும். இவருக்கு நூறு கட்டி செல்லுல எண்பதுல அது இருக்கு."

"நல்லதா மேடம், கெட்டதா?"

"சுலபமா சொல்ல முடியாது. அவ்வளவு மறைப்பு போட்டுக்கிட்ட கட்டி முரட்டுக் கட்டியாவும் இருக்கலாம். ஆனா அந்த மறைப்பை எடுக்கறதுக்கு இப்ப ஒரு ஊசி இருக்கு. இவ்வளவு இருக்கறவங்களுக்கு அது வேலை செய்ய வாய்ப்பு கூடுதல். கூடுதல்தானே தவிர, நூறு பேர்ல பாதிப் பேருக்குக்கூட அது நல்லா கேக்கறதில்லை. எண்பதுங்கறது கட்டியைப் பத்தின கணக்கு. அவர் பிழைக்கற கணக்கு இல்லை. அவர்கிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்லுறீங்களா?"

"நானே சொல்லிருதேன் மேடம்."

வெளியே வந்தால் அத்தான் கைமடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றார். அவன் கையிலிருந்த காகிதத்தை அவனைக் கேட்காமலே உருவி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மூலப்பத்திரம் வாசிக்கிற மாதிரி தலைப்பிலிருந்து வாசித்தார். ஆங்கிலம்தான். அதிலும் அவருக்குக் கர்வம் உண்டு. எண்பது என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"எண்பது சதவீதமாலே? அப்ப எண்பது பங்கு நம்ம பக்கம். இருபதுதான் வியாதிக்கு. பிரிபடாத பாகமா கெடக்கு, மருந்தக் குடுத்துப் பிரிச்சு எடுத்துருவாவ. அப்படித்தான?"

பத்து நாளாகச் சாப்பிடாமல் கிடந்த மனிதர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "டாக்டரு என்ன சொன்னாவ?" என்றார்.

"நல்லதுதான்னு சொன்னாவ அத்தான்" என்றான் ராஜதுரை.

அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த தடவைக்குள் சங்கரன்கோவில் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேப்பமரத்தடிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் காகிதத்தை விரித்து வாசித்துக் காட்டினார். டாக்டர் கேட்டார், சொல்லிட்டீங்களா? சொல்லிவிட்டேன் என்றான். சித்திரையில் எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கி வேறு இருந்தது. எண்பது பங்கு வசூலாக ஆரம்பித்துவிட்டது என்று எல்லோருக்கும் ஆரிய பவனில் காபி வாங்கிக் கொடுத்தார் அத்தான். ஆனி மாத ஸ்கேனில் கட்டி மறுபடி வளரத் தொடங்கியிருந்தது. அதையும் ராஜதுரை சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு ஊசி பாப்போம்" என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னான்.

பத்து மணிக்கு இளையரசனேந்தலிலிருந்து மாரித்தாய் வந்து இறங்கினாள். அத்தானின் ஒரே தங்கை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "எண்ணேன்... எண்ணேன்..." என்று தெருவெல்லாம் கேட்க ஓடிவந்தாள். அக்கா கோமதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டியின் கண்ணாடியில் முட்டி அழுதாள். அது வரைக்கும் சரி. ராஜதுரைக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்ததும் ஒப்பாரி எடுத்தாள்.

"எண்பது பங்கு உசிரிருந்தும் எம்பொறப்பே
ஏமாந்து போனியளே
ஊசிக்கு நாளிருக்க எம்பொறப்பே
ஊர்சுத்த வச்சாளே
நூத்தியொரு சுத்து சுத்தி எம்பொறப்பே
நூலறுந்து போனியளே!"

வெளியே நாற்காலி பிரித்துக்கொண்டிருந்த ராஜதுரை அப்படியே நின்றான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு கோவிலைச் சுற்றுவதாக நேர்ந்துகொள்வது ஊர் வழக்கம். ஆடிச்சுற்று என்பார்கள். அத்தானுக்காக நூற்றியொரு சுற்று நேர்ந்திருந்தாள் அக்கா. கொடியேற்றத்துக்கும் தபசுக்கும் நடுவில் ஊசி போடுகிற நாள் வந்தது. "நாப்பது வருசமா நான் ஒரு தவசு விட்டதில்ல. நீ சுத்து, நான் உக்காந்து எண்ணுதேன். ஊசி அஞ்சு நாளு கழிச்சுப் போடுவோம்" என்று சொன்னது அத்தான்தான். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அம்பாள் பாத்துக்கிடுவா" என்றாள். ராஜதுரைதான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டான். அஞ்சு நாளில் ஒன்றும் குடிமுழுகிவிடாது, கூட்டத்தில் மட்டும் நிற்க வேண்டாம் என்றார் டாக்டர். அத்தான் தெற்கு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அக்கா ஒவ்வொரு சுற்று முடித்து வரும்போதும் ஒரு புளியமுத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் ஒப்பாரியில் வைத்துப் பாடிவிட்டால் அதற்குப் பதில் கிடையாது. பேச்சாக இருந்தால், ஏன் அப்படிச் சொல்லுகிறாய் என்று கேட்கலாம். பாட்டில் வைத்துச் சொன்னால் அது அழுகை. அழுகிறவளிடம் யார் கணக்குக் கேட்பது? பதிலுக்கு வேண்டுமானால் அக்கா ஒரு ஒப்பாரி எடுக்கலாம். அக்கா சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆண்பிள்ளை இதில் வாய் வைக்கவே முடியாது. அவன் நாற்காலிகளைப் பிரித்தான். பிரித்த நாற்காலியை மடக்கி மறுபடி பிரித்தான்.

பன்னிரண்டு மணிக்குள் கதை முடிவாகிவிட்டது. இப்போது வருகிறவர்கள் ராஜதுரையிடம் கேட்கவே இல்லை. அவர்களே சொன்னார்கள்.

"அந்த ஒரு ஊசியத் தள்ளிப் போட்டதுல விழுந்துட்டாராமே."

"யாரு சொன்னா?"

"உள்ள சொல்லுதாவ. பொம்பளையளுக்குக் கோயில்னா வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. எண்பது இருந்திருக்கே வே, அநியாயமா..."

"ஒரு காப்பி குடியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அவர்களுக்கு யார் காபி கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. உண்மையில் அவனுக்கு யார் மேல் கோபம் என்று அவனுக்கே பிடிபடவில்லை. மாரித்தாய் மேல் கோபம். வாயை மூடிக்கொண்டிருக்கிற அக்கா மேல் கோபம். எல்லாவற்றையும் தானே வாசித்து, தானே அர்த்தம் சொல்லி, தானே ஊரெல்லாம் விளம்பிவிட்டு, இப்போது பெட்டிக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிற அத்தான் மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்ததை அவன் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

இரண்டு மணிக்கு நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். அதன் பிறகு கோடி போட வேண்டும். தாலி இழக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சேலையை உடன்பிறந்தவன்தான் போர்த்த வேண்டும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் பிறந்த வீடு என்றால் ராஜதுரைதான். கடை பூட்டியிருந்த ஜவுளிக்காரரை எழுப்பி வாங்கிவந்த சேலை. பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவன் குனிந்து அக்காவின் தோளில் சேலையைப் போர்த்தினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே" என்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். "அந்த அஞ்சு நாளு போகாம இருந்திருந்தா, எண்பதும் நின்னிருக்குமால? நாந்தான கொன்னுட்டேன்?"

மாரித்தாய் பின்னாலிருந்து அடுத்த அடியை எடுத்தாள். "நூத்தியொரு சுத்து சுத்தி..."

"நிறுத்துங்க மதினி!"

ஒப்பாரி நின்றது. ஒப்பாரியை நிறுத்திய ஆண்பிள்ளையை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. வாசலில் நின்ற கொட்டுக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார்.

"எண்பது அத்தானுக்கு இல்ல" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "அது கட்டிக்குள்ள எண்பது. கட்டி நம்மள ஏமாத்தப் போட்டுக்கிட்ட மறைப்பு. நூத்துக்கு எண்பது செல்லுல அது இருந்துச்சு, அவ்வளவுதான். எண்பது பங்கு உசிருன்னு எந்த டாக்டரும் சொல்லல. எங்கிட்ட வெவரமா சொன்னாவ. நாந்தான் சொல்லல. ஆனி மாசமே கட்டி வளர ஆரம்பிச்சிட்டு. தவசு அதுக்குப் பெறகுதான் வந்துச்சு. எங்க அக்கா ஒண்ணும் பண்ணல. போதுமா?"

சொல்லி முடித்ததும் அவனுக்குப் பெரிய மூச்சாக வந்தது. அத்தனை மாதம் தொண்டையில் இருந்ததை இறக்கி வைத்தாயிற்று. இனி யார் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். வேண்டுமானால் மாரித்தாய் செருப்பைக்கூட எடுக்கட்டும்.

மாரித்தாய் செருப்பை எடுக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாக அவனைப் பார்த்தாள்.

"அக்காவக் காப்பாத்தணும்னு சொல்லுத. சொல்லு. உடம்பொறந்தவன் சொல்லத்தான் செய்வ. அதுக்காவ எங்கண்ணனுக்கு வாசிக்கத் தெரியலன்னா சொல்லுத? முப்பத்தொரு வருசம் பத்திரம் எழுதுனவன். ஒரு காயிதம் ஆபீசுல திரும்பி வந்ததுண்டா? அவன் பொணத்த வச்சிக்கிட்டே அவன் தப்பா வாசிச்சான்னு சொல்லுதியே, ஒனக்கு வாய் கூசலையா?"

"அடப் போங்க மதினி. ரிப்போர்ட்டு இருக்கு, எடுத்துட்டு வாரேன்!"

பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து வந்தான். ஆனால் யாரிடம் கொடுப்பது? மாரித்தாயின் மருமகன் கோகுல் வங்கியில் வேலை பார்க்கிறவன், அவனிடம் நீட்டினார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தான்.

"எக்ஸ்பிரஷன் ஹைன்னுதான் மாமா போட்டிருக்கு. பாசிட்டிவ்னும் இருக்கு. நெகட்டிவ்னு எங்கயும் இல்லியே."

"பாத்தியளா" என்றாள் மாரித்தாய்.

அந்த ஃபைலை அவன் முகத்திலேயே எறியலாமா என்று ராஜதுரைக்கு வந்தது. விளக்கினான். மறுபடி விளக்கினான். புரதம் என்றான், காவல் என்றான், மறைப்பு என்றான். ஒவ்வொரு தடவை விளக்கும்போதும் அவன் சொல்வது அவனுக்கே இட்டுக்கட்டியது போலத்தான் கேட்டது. ஒரு பெரியவர் அவன் தோளில் தட்டி, "சரி வே, விடும். நேரமாவுது, தூக்கணும்" என்றார். யாரோ கொட்டுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். கொட்டு எழும்பியது. பிள்ளையில்லாத அத்தானுக்குக் கொள்ளி வைக்கப் பங்காளி ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றார். கூட்டம் எழுந்தது. உண்மையைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அது இருந்த இடமே தெரியவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மணி ஐந்தரை. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அத்தான் படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மாரித்தாய் உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முன்கூடத்தில் கோடிச் சேலையோடு அக்கா அதே சுவரில் சாய்ந்திருந்தாள். ராஜதுரை ஈரத்துண்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நெசமாலே?" என்றாள் அவள்.

"எது?"

"கட்டிக்குள்ள எண்பதுன்னியே."

"நெசம்க்கா. நீயாவது நம்பு. தவசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"நீ பொய் சொன்னா ஒனக்குக் காது துடிக்கும். சின்னதுல இருந்தே தெரியும். இப்பத் துடிக்கல" என்றாள் அக்கா. "அவியளுக்குத் தெரியுமா?"

"அத்தானுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்ல."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

அவள் கையை ஓங்குவாள் என்று நினைத்தான். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் என்னமோ பேச ஆரம்பிச்சாவ. கோமு, ஒருவேள நான் இல்லன்னா நீ இந்த வீட்டுலயே இருன்னாவ. எண்பத வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுதியன்னு வாயப் பொத்துனேன். சிரிச்சிக்கிட்டாவ. அதுக்குப் பெறகு அந்தப் பேச்சையே எடுக்கல" என்றாள். "பேச விட்டிருப்பேன்லா, நீ சொல்லியிருந்தா."

ராஜதுரைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, துண்டை வாயில் வைத்து அடைத்தும் நிற்காமல் வந்தது. மன்னிச்சிரு அக்கா என்று சொல்ல வாயெடுத்தான். அதுகூட முழுதாக வரவில்லை. அக்கா அவன் முதுகில் கை வைக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. முத்திரைத்தாள் விற்கிற அப்துல் மஜீது வந்திருந்தார். கடையநல்லூர்க்காரர், வேப்பமரத்தடிப் பெஞ்சின் மறுபாதியில் அத்தானோடு இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவர். பேத்தியின் நிக்காஹ் பேச்சுக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தவருக்குச் செய்தி மதியம்தான் கிடைத்ததாம். ரயில், பஸ், ஆட்டோ என்று மாறி மாறி வந்திருக்கிறார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

"மூஞ்சியப் பாக்கக்கூட நசீபு இல்லாமப் போச்சேம்மா" என்றார். "ஆறுமுகம்னு ஒருநாளு கூப்பிடலன்னா எனக்குச் சோறு எறங்காது."

ராஜதுரை முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டான். அவர் உட்கார்ந்தார். பிறகு, கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"எண்பதுன்னாரே தம்பி. அந்தக் காயிதத்த எனக்கு வரிவரியா வாசிச்சுக் காமிச்சாரு. தெளிவால்லா இருந்துச்சு. பெறகு எப்பிடி?"

கடைசியில் ஒரு ஆள் கிடைத்தார் என்று ராஜதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். மஜீது பாய் நிதானமானவர். படித்தவர். சொன்னால் கேட்பார், கேட்டால் புரிந்துகொள்வார், நாளைக்கு வேப்பமரத்தடியில் அவர் சொன்னால் ஊரே நம்பும். அக்கா மேல் விழுந்த பழி நாளை மத்தியானத்துக்குள் போய்விடும். அவன் தொண்டையைச் செருமினான்.

"அது வந்து பாய்..."

"எண்பதுதான் பாய்" என்றாள் அக்கா.

சுவரிலிருந்து முதுகை எடுத்து நேராக உட்கார்ந்திருந்தாள். குரலில் தடுமாற்றமே இல்லை.

"அவிய சரியாத்தான் வாசிச்சாவ. நாந்தான் ஆடிச்சுத்துக்காவ ஊசிய அஞ்சு நாளு தள்ளிப் போடச் சொன்னேன். அதுல விழுந்துட்டாவ."

"எக்கா!"

"நீ சும்மா இருல."

மஜீது பாய் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பிடியெல்லாம் நெனைக்காதம்மா. அல்லா நாடுனது" என்றார். ஆனால் அவர் முகத்தில், அட, அஞ்சு நாளா என்று ஒன்று வந்து போனதை ராஜதுரை பார்த்தான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, விளக்குக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். தெருமுனை திரும்புகிறவரைக்கும் ராஜதுரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றான். "ஊரே கேக்க அத்தனை பேரு முன்னால கத்திக் கத்திச் சொன்னேன். நம்புத ஒரு ஆளு வந்தாரு. அவருகிட்டப் போயி... இனி நீ செத்த பெறகும் இதத்தான் சொல்லுவாளுவ. ஆடிச்சுத்து சுத்தி ஆளக் கொன்னவளாம்னு. ஏங்க்கா?"

அக்கா சேலையின் மடிப்பை முழங்காலில் வைத்து நீவினாள்.

"முப்பத்தொரு வருசம்லே. கடைசியில ஒரு காயிதத்த, அதுவும் அவிய காயிதத்தையே, தப்பா வாசிச்சிட்டாவன்னு அந்த மரத்தடியில எவனும் சொல்லக் கூடாது. என்னையச் சொல்லட்டும். நாந்தான இருக்கேன். கேட்டுக்கிடுதேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

தெருவில், "தண்ணி வந்துட்டு! ஏட்டி, தண்ணி வந்துட்டு!" என்று யாரோ கத்தினார்கள். ஒன்பது நாள் கழித்து நகராட்சிக் குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வீட்டில் கழுவியதுபோகத் தொட்டி காலி. அடுப்படியில் கிடந்த நான்கு குடங்களையும் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு ராஜதுரை வெளியே போனான். குழாயடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசை போட்டு நின்றார்கள். அவன் வருவதைப் பார்த்ததும் முன்னால் நின்றவள் தன் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். அடுத்தவளும் தள்ளினாள். அவன் முதல் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தான்.

அந்த நான்கு குடமும் நிறைகிறவரைக்கும் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.